நடுப் பிண்டம்

கருக்கூட்டுக்கு ஓர் உடல் வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி.

டாக்டர் ரெஜினா இதை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன். அன்றும் ஆட்டினேன்.

"மௌலி சார், நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது."

"அப்ப கடைசியா என்ன சொன்னேன்?"

யோசித்தேன். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை தெரிந்தது. "உடல் வேணும்னு."

"அது போன மாசம் சொன்னது. இப்ப சொன்னது, உங்க உடம்பு ஆகாதுன்னு."

"ஏன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்தார்.

"முதல்ல வந்த கூடுகளுக்கு ஆளே தேவையில்லை. எல்லாம் மெஷின். சத்து, காத்து, சூடு எல்லாம் அளவாப் போகும். குழந்தைங்க நல்ல எடையோட பிறந்துச்சு. கை கால்ல ஒரு குறை கிடையாது. ஆனா கதவைப் படார்னு சாத்தினா திரும்பிப் பார்க்காது. வயித்துல கிச்சுகிச்சு மூட்டினா சிரிக்காது. அம்மா ரூமை விட்டுப் போனா அழாது. நான் அந்த மாதிரி ரெண்டு பேரைப் பார்த்திருக்கேன். இப்ப பள்ளிக்கூடம் போறாங்க. நல்லாப் படிக்கிறாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா?"

"அவ்வளவுதான் சார். ஒன்பது மாசமும் ஒரே சீரான ரத்தம். அதுல பயம் இல்லை, எரிச்சல் இல்லை, சிரிப்பு இல்லை. உள்ள இருக்கிற புள்ளைக்கு, அம்மா பஸ்ஸைத் தவறவிட்ட படபடப்புகூட வேணும்."

அதனால்தான் ஆள். காலையும் மாலையும் கூட்டின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து ஒரு குழாய் போகும். ரத்தம் ஒரு மெல்லிய சவ்வின் இந்தப் பக்கம் ஓடித் திரும்பும். அந்தப் பக்கம் கரு. ரத்தம் கலக்காது. அதில் இருப்பது மட்டும் கசியும். சாப்பிட்டது, பயந்தது, சிரித்தது எல்லாம். இப்படிப் படுப்பவருக்குச் சட்டத்தில் ஊட்டுநர் என்று பெயர். தெருவில் ஒயர்க்காரி.

ஆரம்பத்தில் ஏழைப் பெண்களைக் கூலிக்குப் பிடித்தார்கள். ஒருத்தியை மூன்று பெட்டிகளில் மாட்டிய ஏஜென்டுகளும் இருந்தார்கள். அதன் பிறகு குடும்பத்து ஆள் மட்டும்தான் என்று சட்டம் வந்தது. எங்கள் குடும்பத்தில் அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது. நீரஜாவின் தங்கை சாரு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். கேட்டேன். "அத்திம்பேர், எனக்கு ரெண்டு சின்னக் குழந்தைகள். என்னால முடியாது. தப்பா எடுத்துக்காதீங்கோ," என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மிச்சம் நான். ஆணும் ஆகலாம். சில ஊசிகள் போட வேண்டும், மார் வலிக்கும், மீசை மெலியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க என் இடது கையில் ஒரு பட்டை கட்டினார்கள். அது எழுதிய கோட்டைத்தான் இப்போது திரையில் காட்டினார். ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தது.

"மனைவியை இழந்தவங்க நிறையப் பேர் இந்த நாற்காலியில உக்காந்திருக்காங்க. அழுவாங்க. கத்துவாங்க. ஒருத்தர் இந்த மேசைக் கண்ணாடியையே உடைச்சார். அவரை உடனே எடுத்துக்கிட்டேன். உங்க கோட்டுல துக்கம்கூட இல்லை சார். பழைய மெஷினுக்கும் உங்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலை."

"சரி."

"இதுக்கும் சரியா?" அவர் கொஞ்சம் சிரித்தார். "இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் உங்க கருவை நாங்க வெச்சிருக்க முடியும். அதுக்கப்புறம் அகற்றிடணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"பட்டை கையிலயே இருக்கட்டும். எதுக்கும்."

போன ஐப்பசியில் நீரஜா டெங்குவில் போனாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்ட நாளில் போனாள். அதற்கு முன் எங்களுக்கு மூன்று கருக்கள் உறைந்து இருந்தன. இரண்டை அவள் வயிற்றிலேயே வைத்துப் பார்த்தார்கள். தங்கவில்லை. மூன்றாவதை மழைக்காலம் கழிந்து பார்க்கலாம் என்றாள்.

நான் அழவில்லை. எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். என் வேலை பாலங்களைச் சோதிப்பது. அந்த வருடம் யாரையும்விட அதிகப் பாலங்களைச் சோதித்தேன் என்று அலுவலகத்தில் ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "என் உடம்பு ஆகாதாம்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "பகவான் பார்த்துண்டுதான் இருக்கான்."

"சந்தோஷமா?"

"சந்தோஷம்னு யார்டா சொன்னா? நிம்மதி. தாயில்லாப் பிள்ளைன்னு தெரிஞ்சே ஒண்ணைக் கொண்டு வரப்படாது மௌலி. விதியேன்னு ஆறது வேற. நாமளே பண்றது வேற."

அவள் சொன்னது தப்பு என்று நான் நினைக்கவில்லை. சரி என்றும் நினைக்கவில்லை.

"கும்பகோணத்துப் பொண்ணு இன்னும் பதிலுக்குக் காத்துண்டிருக்கா. பாங்க்ல வேலை. அவளுக்கும் முதல் ஆம்படையான் தவறிட்டான். உன் கஷ்டம் புரியும். ஒயரைக் கையில மாட்டிண்டு பொட்டி பக்கத்துல படுத்துண்டு கிடந்தா அவ வருவாளா? யார்தான் வருவா?"

"நீரஜாவுக்கு அது வேணும்னு இருந்தது."

"நீரஜாவுக்கு இருந்தது. உனக்கு இருக்கா?"

நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன். உண்மையாகவே தெரியவில்லை.

"அடுத்த வாரம் அப்பா திதி. நம்ம வாத்தியார் காசிக்குப் போயிட்டார். வேற யாரையோ அனுப்பறாராம். லீவு சொல்லிடு," என்றாள் அம்மா.

திதியன்று வந்தவன் என்னைவிடச் சிறியவன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் குடுமி அவிழ்ந்து விழுந்தது. பெயர் தண்டபாணி. அவனோடு சாப்பிட உட்காருவதற்கு இருவர். ஒருவர் சாம்பு மாமா. கனத்த குரல். இன்னொருவர் கடைசிவரை பேசவில்லை.

"அண்ணா, லிஃப்ட் ஓடலை. ஏழு மாடி ஏறினோம். மாமாவுக்கு மூச்சு வாங்கறது. பித்ருக்கள் எப்படி வரப் போறாளோ தெரியலை," என்றான் தண்டபாணி.

"அவாளுக்கு முழங்கால் வலி கிடையாதுடா," என்றார் சாம்பு மாமா.

தண்டபாணிக்கு எங்கள் வாத்தியார் அனுப்பியது கோத்திரமும் மூன்று பெயர்களும்தான். அப்பா விஸ்வநாதன், தாத்தா பஞ்சநதம், கொள்ளுத்தாத்தா வைத்தியநாதன். வேறு எதையும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் இவனுக்கும் தெரியும் என்று இருந்துவிட்டோம். சமையலறையில் அம்மாவுக்கு உதவியாகப் பக்கத்து வீட்டு வசுமதி இருந்தாள். "அந்த வடையைத் திருப்பும்மா," என்று அம்மா சொல்வது கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"வாட்சைக் கழட்டிடுங்கோண்ணா."

"வாட்ச் இல்லை. இது கழட்ட வராது."

"சுகர் பார்க்கறதா? சரி, இருக்கட்டும்."

ஆரம்பித்தான். அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். பூணூலை மாற்று என்றால் மாற்றினேன். எள்ளை எடு என்றால் எடுத்தேன். எனக்கு இது எளிது. எட்டு மாதமாக இப்படித்தான் இருந்தேன். ஹோமப் புகை எழுந்தது. கண் எரிந்தது. வந்தவர்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாம்பு மாமா பிரண்டைத் துவையலை மூன்று முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அவர்கள் கை கழுவி வந்து கூடத்தில் உட்கார்ந்த பிறகு பிண்டம் வைத்தோம். சோற்றில் நெய்யும் தேனும் எள்ளும் சேர்த்துப் பிசைந்து மூன்று உருண்டைகள். அம்மா இருப்பதால் மூன்றே. தெற்கே நுனி பார்த்துப் பரப்பிய தர்ப்பைமேல் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா.

நமஸ்காரம் செய்து எழுந்தேன். தண்டபாணி நடுவில் இருந்த உருண்டையைக் காட்டினான்.

"ஆச்சு அண்ணா. நடுப் பிண்டம். மன்னியைக் கூப்பிடுங்கோ."

சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

"நீரஜா! வா, கூப்பிடறா."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

வரவில்லை. அவள் எப்போதும் கூப்பிட்டவுடன் வருபவள் அல்ல. கையைத் துடைத்துக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் வருவாள். போன இரண்டு வருடமும் அப்படித்தான் வந்தாள். நடுப் பிண்டத்தை வீட்டுக்காரி சாப்பிட்டால் குழந்தை தங்கும் என்பது வழக்கம். முதல் வருடம் முந்தானையில் வாங்கிக்கொண்டு என் காதருகில், "உங்க தாத்தாவை நான் பார்த்ததே இல்லை. முன்னபின்ன தெரியாதவர்கிட்ட எப்படிக் கேக்கறது, கூச்சமா இருக்கு," என்றாள். இரண்டாம் வருடம், "இப்ப பழகிட்டார்," என்றாள். உப்பில்லாத சோற்றை முகம் சுளிக்காமல் முழுவதும் தின்றாள்.

"நீரஜா!" இந்த முறை கொஞ்சம் கோபமாகக் கூப்பிட்டேன். "எவ்வளவு நேரம்?"

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். கையில் மாவு. அவள் பின்னால் வசுமதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

தண்டபாணி எங்களை மாறி மாறிப் பார்த்தான். "மன்னி இவா இல்லையா? அவா வெளில போயிருக்காளா மாமி?"

"போயிட்டா," என்றாள் அம்மா. "ஐப்பசியில."

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஐயோ," என்றான். "அண்ணா, எனக்குத் தெரியாதுண்ணா. யாரும் சொல்லலை. சத்தியமா தெரியாது."

நான் அழுதேன். எப்படி என்று எழுதத் தெரியவில்லை. மூக்கு ஒழுகியது. தர்ப்பைப் பவித்திரம் போட்ட கையால் துடைக்கக் கூடாது என்று இடது கையால் துடைத்தேன். அது நினைவிருந்தது. வேறு எதுவும் நினைவில்லை. உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தேன். தரையில் நெற்றி பட்டிருந்தது.

"அழப்படாது," என்றார் சாம்பு மாமா. "ஸ்ராத்தத்துல கண்ணீர் விழுந்தா பித்ருக்கள் எழுந்து போயிடுவா."

"போனாப் போகட்டும் மாமா," என்றான் தண்டபாணி. அவன் குரலும் உடைந்திருந்தது. "சாப்பிட்டாச்சு இல்லையா? சும்மா இருங்கோ."

அம்மா என் முதுகில் கை வைக்க வந்தாள். மடி ஆடையில் இருந்தவனைத் தொடலாமா கூடாதா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு மாவுக் கையோடு தொட்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. புகை மெலிந்தது.

"ஆம்படையாளை இழந்த விதுரனுக்கு நடுப் பிண்டம் கிடையாது," என்றார் சாம்பு மாமா, கொஞ்சம் தணிந்த குரலில். "மூணையும் சேர்த்து ஜலத்துல விட்டுடு தண்டபாணி."

தண்டபாணி கையை நீட்டினான். நான் நடு உருண்டையின்மேல் என் கையைக் கவிழ்த்தேன்.

"இரு. இதைச் சாப்பிடறப்போ என்ன மந்திரம் சொல்லுவே?"

"பித்ருக்களே, இங்க ஒரு கர்ப்பத்தை வைங்கோன்னு வரும்."

"யார் சாப்பிடணும்?"

"பத்னி."

"நான் சாப்பிட்டா?"

"நீங்க சாப்பிட்டு என்னண்ணா..." அவன் நிறுத்தினான். என்னை நோகச் செய்யாமல் எப்படிச் சொல்வது என்று தேடினான். "நீங்க எப்படிச் சுமப்பேள்?"

சொன்னேன். கூடு, கரு, மாசக் கடைசி. சுருக்கமாகத்தான் சொன்னேன். விக்கிக்கொண்டே சொன்னதால் நேரமானது. அவன் என் இடது கையைப் பார்த்தான்.

"அப்ப அது சுகர் பட்டை இல்லையா?"

"இல்லை."

"அபத்தம்," என்றார் சாம்பு மாமா. "புருஷன் நடுப் பிண்டம் சாப்பிடறதாவது. நான் எத்தனை வீட்டுல உக்காந்திருக்கேன். எங்கயும் கண்டதில்லை."

"மாமா, யாருக்குள்ள போனா குழந்தைக்குப் போய்ச் சேருமோ, அவாதானே சாப்பிடணும்? அதானே தாத்பரியம்?"

"அப்படி எங்கடா எழுதியிருக்கு?"

"எழுதலை. அப்போ பொட்டி இல்லை."

"ஹெல்மெட் போட்டுண்டு வர வாத்தியார்னா இப்படித்தான் பேசுவான்," என்றார் மாமா. ஆனால் எழுந்து போகவில்லை.

அம்மா தரையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "மௌலி. கையை எடு. அதான் உன் உடம்பு ஆகாதுன்னுட்டாளே. இதைச் சாப்பிட்டுட்டு மனசுல ஆசையை வெச்சுண்டு, அப்புறம் அதுவும் இல்லேன்னு ஆச்சுன்னா? இன்னொரு தரம் என்னால பார்க்க முடியாதுடா."

"அன்னிக்குக் கேட்டியே. எனக்கு வேணுமான்னு."

"கேட்டேன்."

"வேணும்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாயில்லாமப் பொறக்கப் போறது."

"ஆமா."

"நீ தாயாயிடுவியா?"

"தெரியாதும்மா. அவளைத் தெரிஞ்சவன் வளர்த்த குழந்தையா இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"கும்பகோணத்துக்கு என்ன சொல்ல?"

"உண்மையைச் சொல்லு."

அம்மா எழுந்து உள்ளே போனாள். முடிந்தது, கோபித்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"தொண்டையை அடைக்கும். அவ எப்படித்தான் முழுங்கினாளோ. நடுவுல நடுவுல ஒரு வாய் குடி."

தண்டபாணி மந்திரத்தைச் சொன்னான். தாத்தா பஞ்சநதத்தின் உருண்டையைக் கையில் எடுத்தேன். நினைத்ததைவிடப் பெரியது. ஆறிப்போயிருந்தது. நீரஜா இதை இரண்டு முறை தின்றிருக்கிறாள், ஒரு முறைகூட நான் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. தின்றேன். எள் பல்லில் சிக்கியது. முழுவதும் தின்று முடிக்கும்வரை தண்டபாணி நகரவில்லை.

சாம்பு மாமா போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "பொட்டிக்குக் கரண்ட் போனா என்ன பண்ணுவா?"

"பாட்டரி இருக்கு மாமா."

"ரெண்டு வெச்சுக்கச் சொல்லு," என்றார்.

சாயங்காலம் டாக்டர் ரெஜினா கூப்பிட்டார்.

"மௌலி சார், நல்லா இருக்கீங்களா? விழுந்து கிழுந்து வெச்சீங்களா?"

"இல்லையே."

"மத்தியானம் உங்க கோடு திரையை விட்டே மேல போயிடுச்சு. பட்டை கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் இறங்கி, வேற மாதிரி ஒண்ணு. பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. இருபது வருஷமா இந்தக் கோடுங்களைத்தான் பார்க்கிறேன், எனக்கே பேர் தெரியலை. என்ன பண்ணீங்க?"

"அப்பாவுக்குத் திதி."

"திதியில அப்படி என்ன பண்ணுவீங்க?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"எள்ளுச் சோறு."

"ஒரு நாள் ஏறினா போதாது சார். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். உங்களுக்காகக் கூட்டிச் சொல்ல மாட்டேன்."

"வேண்டாம்."

அந்த நாட்கள் எளிதாக இல்லை. பேருந்தில் ஒரு பெண் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கியதைப் பார்த்து அழுதேன். நான் சோதித்த ஒரு பாலத்தின் கீழே ஆடு மேய்ப்பவர் ஏதோ சொல்லிச் சிரித்தபோது நானும் சிரித்தேன், பிறகு சிரித்ததற்காக நாள் முழுவதும் தவித்தேன். ஏழு மாடி ஏறி வந்து, லிஃப்ட்டைச் சரிசெய்யாத சங்கச் செயலாளரிடம் கத்தினேன். அவர் பயந்துவிட்டார். மறுநாள் லிஃப்ட் ஓடியது. எதுவும் உணராமல் இருந்த எட்டு மாதம் எவ்வளவு வசதியாக இருந்தது என்று இப்போது தெரிந்தது. அந்த வசதிக்குத் திரும்பிவிடுவேனோ என்று பயந்தேன். அந்தப் பயமும் கோட்டில் ஏறியிருக்க வேண்டும்.

மாதக் கடைசி நாளன்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். "எள்ளுச் சோறு சாப்பிட்டுப் பாஸான முதல் ஆள் நீங்கதான்," என்றார்.

ஆடியில் கருவைக் கூட்டில் வைத்தார்கள். எனக்கு ஊசிகள் போட்டார்கள். மார் வலித்தது. மீசை நிஜமாகவே மெலிந்தது. அலுவலகத்தில் வெளியூர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் பரவ அரைநாள் போதும்.

"என்ன மௌலி, மாங்கா வாங்கிட்டு வரவா?" என்றான் பக்கத்து மேசை ஜெரால்டு.

"ஆடியில எங்கடா மாங்கா?" என்றேன்.

அவன் சிரித்தான். அடுத்த வாரம் உண்மையிலேயே எங்கிருந்தோ இரண்டு மாங்காய் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். எல்லோரும் அவனைப் போல் இல்லை. பக்கத்துக் கட்டடத்துப் பையன்கள் நான் போகும்போது ஒயர்க்காரா என்று கூவினார்கள். அம்மா ஒருநாள் பால்கனியில் நின்று அவர்களுக்குப் பதில் சொன்னாள். அதை எழுத முடியாது. அதன் பிறகு கூவவில்லை.

கும்பகோணத்திலிருந்து ஒரு வரி வந்தது. புரிந்துகொள்வதாகவும், இது தன்னால் ஆகாது என்றும். நேர்மையான பெண்.

காலையும் மாலையும் கூட்டின் பக்கத்தில் படுத்தேன். உயரம் ஒரு குத்துவிளக்கு அளவு. உள்ளே மங்கலாகச் சிவப்பாக இருக்கும். முதலில் பேச ஒன்றும் தோன்றவில்லை. பிறகு நீரஜாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சண்டைகளையும் சொன்னேன். சண்டையை நினைக்கும்போது ரத்தம் நன்றாக ஏறுகிறது என்று நர்ஸ் சொன்னாள்.

ஐப்பசி வந்தது. நீரஜாவின் முதல் வருடத் திதி. பிள்ளை இல்லாததால் நான்தான் செய்ய வேண்டும்.

காலைக் குழாயைத் தவறவிட முடியாது. அதனால் மருத்துவமனையிலேயே, கூட்டின் அறையிலேயே, நெருப்பில்லாமல் அரிசியும் எள்ளும் தண்ணீரும் வைத்துச் செய்ய டாக்டர் ஒப்புக்கொண்டார். இன்னொன்றுக்குத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"பட்டினி கூடாது. திதி முடிய மத்தியானம் ஆகும்னா அதுவரைக்கும் காயக் கூடாது. நீங்க காஞ்சா உள்ள இருக்கிறதும் காயும்."

செய்பவன் முடிக்கும்வரை சாப்பிடக் கூடாது. அதுதான் முறை. இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் சுருங்கியது.

"மத்த வருஷம்னா பரவாயில்லை. இது அவளுக்கு முதல் வருஷம். நீ வயத்தை ரொப்பிண்டு வந்து உக்காந்து குடுத்தா அவளுக்குச் சேருமோ சேராதோ."

எனக்கும் அதே பயம்தான். நான் இந்த நம்பிக்கைகளில் பாதி நம்பாதவன். நீரஜா விஷயத்தில் அந்தப் பாதி அவநம்பிக்கையும் வேலை செய்யவில்லை. அவளுக்குச் சரியாகச் செய்தால் உள்ளே இருப்பது வாடும். உள்ளே இருப்பதற்குச் சாப்பிட்டால் அவளுக்குக் குறை. இருவரில் ஒருவரை விட வேண்டும் என்று யாரோ என்னிடம் கேட்பது போல இருந்தது. திதியன்று காலை எதுவும் சாப்பிடாமல் அம்மாவோடு மருத்துவமனைக்குப் போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரம்தானே, தாங்கும் என்று சொல்லிக்கொண்டேன். குழாயை மாட்டிய நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். சாப்பிட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை.

தண்டபாணி ஹெல்மெட்டும் கையுமாக அறைக்குள் வந்தான். கூட்டைப் பார்த்ததும் நின்றான். என்ன செய்வது என்று தெரியாமல் அதற்கு ஒரு கும்பிடு போட்டான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"சாப்பிட்டேளா?"

"இல்லை. திதியாச்சே."

"என்னண்ணா இது!" ஹெல்மெட்டை நாற்காலியில் போட்டான். "கர்ப்பிணி பட்டினி இருக்கலாமா? எந்த சாஸ்திரத்துல இருக்கு?"

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு வேதம் சொல்லிக்குடுத்த வாத்தியார்கிட்ட போன வாரமே கேட்டுட்டேன்," என்றான் அவன். "முதல்ல என்னை நன்னாத் திட்டினார். நடுப் பிண்டத்தைப் புருஷனுக்குக் குடுத்தவன் நீதானான்னு கேட்டார். ஆமான்னேன். அப்புறம் ராத்திரி அவரே போன் பண்ணி, குடுத்தது குடுத்துட்டே, இனிமே அந்தப் பிள்ளையாண்டானுக்குக் கர்ப்பிணிக்கு என்ன நியமமோ அதுதான், உபவாசம் கிடையாது, குளிர்ந்த ஜலத்துல குளிக்க வேண்டாம், ரொம்ப நேரம் குந்தி உக்கார வெக்காதேன்னார். நாற்காலி போட்டுக்கோங்கோ."

"நீரஜாவுக்குச் சேருமா?"

"அண்ணா, அவா பிள்ளையைக் காயப்போட்டுட்டு நீங்க குடுத்தாத்தான் வாங்கிக்க மாட்டா."

சாப்பிட எங்கே போவது, காண்டீன் திறந்திருக்குமா என்று எழ முயன்றேன். குழாய் இழுத்தது.

அம்மா மூலையில் வைத்திருந்த பையைத் திறந்தாள். தூக்கை எடுத்தாள். இட்லி. இன்னும் சூடாக இருந்தது.

"எப்போம்மா பண்ணினே?"

"விடிகாலையில."

"இவன் வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"இவன் சொன்னா ஆச்சா," என்றாள் அம்மா. "மிளகாய்ப்பொடி எடுத்துண்டு வரலை. அதுக்கு ஆகாது. சர்க்கரை தொட்டுக்கோ."

நான்கு இட்லி சாப்பிட்டேன். அம்மா ஐந்தாவதை வைத்தாள். அதையும் சாப்பிட்டேன். வாய் கொப்பளித்து, நாற்காலியைத் தெற்குப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். கூட்டின் திரையில் ஒரு சின்ன இதயம் அவசரமாக அடித்துக்கொண்டிருந்தது. தண்டபாணி என் உள்ளங்கையில் எள் வைத்தான். "பேரைச் சொல்லுங்கோ," என்றான்.

சொன்னேன்.